'கேஸ்' என்று நினைத்த வலி

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகள் கொழுப்பு படிந்து குறுகத் தொடங்கினால், முதலில் தெரிவது சுருக்கென்ற குத்தலாக இருப்பது குறைவு. நெஞ்சின் நடுவே பாரம், இறுக்கம், எரிச்சல் என்றே பலர் சொல்கிறார்கள். விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்காட்ட முடியாமல் முழுக் கையையும் மார்பில் வைத்துக் காட்டுவார்கள். தாடை, தோள், இடது கை, முதுகு, மேல்வயிறு வரை அது பரவலாம்.

1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் கவனித்த அடையாளம் இன்றும் செல்லும்: நடந்தால் வரும், மேடேறினாலோ சாப்பிட்டவுடன் நடந்தாலோ கூடுதலாக வரும், நின்றால் போய்விடும். சென்னை பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையில் போன மாதம் சிரமமின்றி நடந்தவர், இந்த மாதம் பாதி வழியில் நிற்க நேர்ந்தால் அது வயதின் களைப்பாக மட்டும் இருக்காது. உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், அடிக்கடி வந்தால், சில நிமிடங்களில் தணியாவிட்டால் அது அவசர நிலை. குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் நம் ஊரில் இந்த வலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் 'கேஸ்'. ஓமத் தண்ணீர், சோடா, ஜெலுசில் என்று ஒரு மணி நேரம் கழிந்துவிடும். ஏப்பம் விட்டதும் இதமாக இருந்தது என்பது இதயத்துக்கு ஒன்றுமில்லை என்பதற்குச் சான்று அல்ல.

வலியே இல்லாமல் வருவது இன்னும் சிக்கல்; நீரிழிவு உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். சென்னையின் தி.நகர், திருமங்கலம் குடியிருப்புகளில் நடந்த 'கப்ஸ்' எனும் சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு 2001-இல் வெளியானது. அதன்படி கரோனரி நோய், ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 21.4 சதவீதம் பேருக்கும் இருந்தது. நீண்டநாள் நீரிழிவு நரம்புகளைக் கெடுப்பதால் வலி உணர்வு மங்கும். காரணமில்லாத சோர்வோ திடீர் மூச்சிரைப்போதான் ஒரே அறிகுறியாக இருக்கும். பெண்களிடமும் முதியவர்களிடமும் இப்படி வருவதுண்டு.

சந்தேகம் வந்தால் தானே வண்டி ஓட்டிச் செல்லாமல் 108-ஐ அழைப்பதே சரி. மருத்துவமனை சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவாகாது. சிறிது நேரம் விட்டு மறுபடி எடுப்பார்கள், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவையும் ரத்தத்தில் பார்ப்பார்கள். 2023 ஜூனில் தொடங்கிய தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் முதல் தவணையாக, மொத்தம் 14, கொடுக்கப்படுகின்றன. மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மருந்து இது. குடல் புண்ணோ மூளை ரத்தக்கசிவோ உள்ளவர் வீட்டிலேயே விழுங்கினால் ரத்தப்போக்கு பெருகும்.