பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா?

கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் புறப்படும் எந்த வியாபாரியும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் போகமாட்டார். சாவியைத் திருப்பியது அவர் கைதான். இருந்தும் இழுத்துப் பார்ப்பார். கணனியில் உள்ள கணக்குக்கு மட்டும் நாம் இதைச் செய்வதில்லை. அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எனது கடையின் கடன் நிலுவை முழுவதும் வீட்டுக் கணனியில்தான் இருந்தது. மகன் வெளிநாடு போகுமுன் பெக்அப் மென்பொருள் ஒன்றைப் போட்டு, வெளி ஹாட் டிஸ்க் ஒன்றையும் பொருத்தித் தந்தான். "எல்லாம் தானாக நடக்கும் வாப்பா" என்றான். நடந்தது. தினமும் திரையில் பச்சை அடையாளம் தெரிந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் காலை கணனி வேலை செய்யவில்லை. உள்ளே இருந்த டிஸ்க் பழுது. வெளி டிஸ்கைத் திறந்தால் மகளின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன, கணக்கு இல்லை. காரணம் சிறியது. பெக்அப் எடுக்கப்பட்டது 'டொகியுமன்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' போன்ற போல்டர்கள் மாத்திரமே. கணக்கு மென்பொருளோ தனது தரவுகளை சி ட்ரைவில் வேறொரு போல்டரில் வைத்திருந்தது. அதையும் சேர்க்கும்படி யாரும் அமைக்கவில்லை.

பில் புத்தகங்களின் கார்பன் பிரதிகளை வைத்துக்கொண்டு நானும் கடைப் பையனும் பதினொரு இரவுகள் கண் விழித்தோம். பலர் தாமாகவே வந்து, "நானா, எங்கட கணக்கு இவ்வளவு" என்றார்கள். ஆனால் சிறுகச் சிறுகக் கட்டி முடித்த ஒருவரிடம் அந்தத் தொகையை நான் மறுபடியும் கேட்டுவிட்டேன். அவர் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு கடைக்கு வரவும் இல்லை. இதில் எனக்கு வந்த பெரிய நட்டம் அதுதான்.

ஆகவே, இன்றிரவே நான்கு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எதை எடுக்கிறது? செட்டிங்கில் உள்ள போல்டர் பட்டியலை வாசியுங்கள். விண்டோஸோடு வரும் 'பைல் ஹிஸ்டரி'யும் நாம் சேர்க்காவிட்டால் நமது சொந்தப் போல்டர்களை மட்டுமே எடுக்கும். கணக்குத் தரவு எங்கே இருக்கிறது என்று மென்பொருளை விற்றவரிடம் கேட்டு, அந்தப் போல்டரைச் சேருங்கள். பெக்அப் நடக்கும்போது கணக்கு மென்பொருள் மூடியிருக்கட்டும்.

இரண்டாவது, எப்போது? நள்ளிரவு 2 மணிக்கு என்று அமைத்துவிட்டு, 10 மணிக்கே கணனியை நிறுத்தினால் என்ன பயன்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது நினைவிருக்கும். கணக்கு முடித்துச் சாப்பிடப் போகும் நேரத்தை வையுங்கள். தவறிய பெக்அப்பைக் கணனி திறந்தவுடன் செய்யும் வசதி இருந்தால் அதையும் தெரிவு செய்யுங்கள்.

மூன்றாவது, எங்கே? ஒரே டிஸ்கைப் பிரித்து உண்டாக்கிய டி ட்ரைவ் பாதுகாப்பல்ல. டிஸ்க் போனால் இரண்டும் போகும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் புகுந்தபோது, ஒரே மேசையில் இருந்த கணனியும் டிஸ்கும் சேர்ந்தே நனைந்திருக்கும். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைத்துக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வன்னாக்ரை' கணனியில் பொருத்தியிருந்த டிஸ்குகளையும் சேர்த்தே பூட்டியது. இணையத்தில் கூகுள் 15 ஜீபி இலவசமாகத் தருகிறது. சிறிய கடையின் கணக்குக்கு அது தாராளம். ஆனால் கணனியோடு ஒத்தியங்கும் போல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுளின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் தங்கும்.

நான்காவது, எத்தனை பிரதி? கடைசிப் பிரதி ஒன்றுதான் இருக்குமென்றால், இன்று பிழையாகப் பதிந்தது நேற்றைய சரியானதை மூடிவிடும். மார்ச் 31 இல் வருடக் கணக்கு முடிக்கும்போதுதான் பல பிழைகள் தெரிய வரும். ஆகவே ஒரு வருடத்துக்காவது பழைய பிரதிகளை வைத்திருக்கும்படி அமையுங்கள்.

இவ்வளவும் சாவியைத் திருப்புவது. இழுத்துப் பார்ப்பது இனித்தான். மாதத்தில் ஒரு நாள், பெக்அப்பிலிருந்து கணக்கை வேறொரு போல்டருக்கு மீட்டெடுங்கள். முடிந்தால் வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். கடைசியாகப் பதிந்த பில் இருக்கிறதா? ஒரு வாடிக்கையாளரின் நிலுவை கடைக் கொப்பியோடு ஒத்துப் போகிறதா? கால் மணித்தியாலம் போதும்.

பச்சை அடையாளத்தை நம்பி நான் இழந்த வாடிக்கையாளர், பதினெட்டு வருடம் என்னிடம் சாமான் வாங்கியவர்.