ஜெப நேரமும் செல்போனும்

இன்று பல வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது வேதாகமம் செல்போனுக்குள்தான் இருக்கிறது. சங்கீதம் வாசிக்கும்போதே மேலே ஒரு வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கும். அப்பா அதைத் தள்ளிவிட்டுத் தொடர்வார். பிள்ளைகளின் கவனம் அதோடு போய்விடும். ஆமென் சொன்ன கையோடு அதே போனில் ரீல்ஸ் ஓடத் தொடங்கும். இதைப் பக்திக் குறைவு என்று திட்டிப் பயனில்லை. இது தூக்கத்தின் பிரச்சினையும்கூட.

ஜெபத்தோடு திரையும் அணையட்டும்

இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. முகத்தருகே பிடித்த திரையின் நீல ஒளி அந்தச் சுரப்பைத் தாமதப்படுத்தும். வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. அடுத்த வீடியோ என்ன என்ற பரபரப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு 9 மணிக்குள் தூங்கியாக வேண்டும்.

எட்டு மணிக்கு ஜெபம் என்றால், அதற்கு முன்பே எல்லாப் போன்களும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான், ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். அலமாரியில் இருக்கும் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுங்கள். பாட்டிக்கு எழுத்து பொடியாகத் தெரிந்தால் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கலாம். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பவர்களுக்கு ஒரு மேசைக் கடிகாரம். ஜெபம் முடிந்ததும் "ஒரே ஒரு மெசேஜ்" என்று பெரியவர்கள் எழுந்து போவதில்தான் இந்த ஏற்பாடு பெரும்பாலும் குலைகிறது.

கார்ட்டூன் கோலியாத்

"பைபிள் கதைதானே" என்று போனைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம். திரையில் தாவீது ஓடினாலும் அது திரை நேரம்தான். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அதே கதையை நீங்கள் சொல்லிப் பாருங்கள். "கோலியாத் நம்ம மாமாவைவிட உயரமா?" என்று பிள்ளை கேட்கும், கார்ட்டூனிடம் அப்படிக் கேட்க முடியாது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா வீடியோ காலில் ஜெபத்தில் சேர்வது வேறு விஷயம். அதைத் தடுக்காதீர்கள்.

ஞாயிறு மாலை வெயில்

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். தினமும் 2 மணி நேரம் வெளியே விளையாடுவது நல்லது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகும் டிவிதான் என்றால் எப்படி?

லெந்து நாட்களில் இறைச்சியை விடுபவர்கள் ஒரு செயலியையும் விட்டுப் பார்க்கலாம். போப் பிரான்சிஸ் 2020 சாம்பல் புதனன்று, செல்போனை விட்டு நற்செய்தியோடு இணையச் சொன்னார்.

எப்போது மருத்துவரிடம்?

போனைச் சாத்தானின் பெட்டி என்று மிரட்டினால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும், அவ்வளவே. விளையாட்டுச் செயலிக்காகச் சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கினால், நிறுத்த முயன்றும் முடியாவிட்டால், ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும். இதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. போதகரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க, மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.