லோரி பிரேக்கில் ஓர் உள்ளங்கை அளவு கருவி: ‘சிலேக் அட்ஜஸ்டரை’ எத்தனை பேர் கவனிக்கிறோம்?

ஜொகூர்பாரு – பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலெப்பாஸிலும் உள்ள துறைமுகங்களை நோக்கி இரவு பகல் பாராமல் கொள்கலன் லோரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. செம்பனை எண்ணெய் டாங்கிகள், மணல் லோரிகள், சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் என ஜொகூர் சாலைகளில் கனரக வாகனங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்களிலும், பட்டறைகளில் அவற்றைப் பழுது பார்ப்பவர்களிலும் நம்மவர்கள் நிறைய பேர் உண்டு.

கடந்த 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் ஒரு லோரி மோதியதில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் 9ஆம் தேதி கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்ததில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறு. ஆனால், கனரக வாகனங்களை யார் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வியை இவை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு வந்தன.

அந்தக் கேள்வியின் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம். அதன் பெயர் ‘சிலேக் அட்ஜஸ்டர்’. சிலேக் என்றால் தளர்வு. பிரேக்கில் ஏற்படும் தளர்வைச் சரிசெய்யும் கை அது.

எப்படி வேலை செய்கிறது?

கனரக லோரிகளில் பெரும்பாலானவை காற்றழுத்த பிரேக் கொண்டவை. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் டாங்கியில் உள்ள காற்று, சக்கரத்தின் அருகே இருக்கும் பிரேக் சேம்பருக்குள் பாய்கிறது. அங்குள்ள ரப்பர் தகடு ஒரு கம்பியை வெளியே தள்ளுகிறது. அந்தக் கம்பி சிலேக் அட்ஜஸ்டரைத் தள்ள, அட்ஜஸ்டர் ‘எஸ்’ எழுத்து வடிவத் தலை கொண்ட தண்டைத் திருப்புகிறது. தண்டு திரும்பும்போது இரண்டு பிரேக் ஷூக்களும் விரிந்து டிரம்மை அழுத்துகின்றன. வண்டி நிற்கிறது.

லோரிகளில் அதிகம் காணப்படும் ‘30’ ரக சேம்பரை எடுத்துக்கொள்வோம். 30 என்பது தகட்டின் பரப்பளவு, அதாவது 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ அழுத்தம் கிடைத்தால் 3,000 பவுண்டு, ஏறக்குறைய 1,360 கிலோ விசை கம்பியைத் தள்ளும். விசை பெரியதுதான், ஆனால் கம்பி நகரக்கூடிய தூரமோ மொத்தமே இரண்டரை அங்குலம். லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் கம்பி அதிக தூரம் பயணம் செய்ய வேண்டும். இரண்டரை அங்குலம் முடிந்துவிட்டால், காற்று எவ்வளவு இருந்தாலும் ஷூ டிரம்மை அழுத்தாது.

சமவெளியில் தெரியாத ஆபத்து

காரில் பிரேக் கெட்டால் பெடல் கீழே இறங்கும். நமக்குத் தெரிந்துவிடும். காற்று பிரேக்கில் அப்படி இல்லை. அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தாலும் பெடல் வழக்கம்போலவே இருக்கும். காற்று மானியும் சரியாகவே காட்டும். எச்சரிக்கை மணியும் ஒலிக்காது.

ஜொகூரில் பெரும்பாலான சாலைகள் சமதரை. மெதுவாக மிதித்து நிறுத்தும்போது பாதி பிரேக் இருந்தாலே போதும். அதனால் பல மாதங்கள் குறை தெரியாமலேயே ஓடலாம். அதே லோரி வடக்கே போய் மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஈப்போவை நோக்கி இறங்கும்போது அல்லது காராக் நெடுஞ்சாலையில் இறங்கும்போதுதான் உண்மை வெளிவரும். தொடர்ந்து பிரேக் மிதித்தால் டிரம் சூடாகும். சூடான இரும்பு விரியும். டிரம் விரிந்தால் ஷூவிலிருந்து விலகிப் போகும், கம்பி இன்னும் நீளமாகப் பயணம் செய்ய வேண்டிவரும். குளிர்ந்த நிலையில் வரம்பின் விளிம்பில் இருந்த பிரேக், இறக்கத்தின் நடுவில் வரம்பைத் தாண்டிவிடும்.

நிறுத்தப் பயன்படும் ஸ்பிரிங் பிரேக்கும் அதே கம்பியையும் அதே அட்ஜஸ்டரையும்தான் நம்பியிருக்கிறது. ஆக, ஹேண்ட் பிரேக் காப்பாற்றும் என்று நம்புவதும் வீண்.

கைமுறையா, தானியங்கியா?

அட்ஜஸ்டரில் இரண்டு வகை உண்டு. பழைய வகையை மெக்கானிக் ஸ்பேனர் போட்டு அவ்வப்போது இறுக்க வேண்டும். தானியங்கி வகை, பிரேக் மிதிக்கும்போது தளர்வை உணர்ந்து தானே சிறிது சிறிதாக இறுக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1994 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் காற்று பிரேக் வாகனங்களுக்குத் தானியங்கி வகை கட்டாயம். புதிதாக வாங்குபவர்களுக்கும் அதுவே பொருத்தம். டிஸ்க் பிரேக் கொண்ட லோரிகளில் இந்த வேலையைச் செய்யும் பகுதி காலிப்பருக்குள்ளேயே இருக்கும்.

மாற்றும்போது கடையில் கிடைப்பதை வாங்கிப் பூட்டக் கூடாது. நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கையின் நீளம். 30 ரக சேம்பரில் ஐந்தரை அங்குலக் கைக்குப் பதிலாக ஆறு அங்குலக் கையைப் பூட்டினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விசை சுமார் 9 விழுக்காடு கூடும். ஒரு பக்கம் மட்டும் அப்படி மாற்றினால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாவது, தண்டில் பொருந்தும் பற்களின் எண்ணிக்கை. 10, 28, 37 என வெவ்வேறு எண்ணிக்கை உண்டு.

மூன்றாவது, ஒரே அச்சின் இரு பக்கத்திலும் ஒரே தயாரிப்பு, ஒரே ரகம். ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தளர்வை உணரும் விதம் வேறு. ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் இன்னொன்று என்றால் இரண்டும் ஒன்றுபோல் இறுகாது.

நான்காவது, பொருத்தும் கோணம். பிரேக் முழுதாகப் பிடிக்கும்போது கம்பியும் கையும் ஏறக்குறைய 90 பாகையில் நிற்க வேண்டும். தானியங்கி அட்ஜஸ்டருக்கு அதற்குரிய கிளெவிஸ், அச்சில் பூட்டும் பிடிப்பான் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

தானியங்கி என்றால் கவனிக்க வேண்டாமா?

இங்குதான் பெரிய தவறு நடக்கிறது. தானியங்கி அட்ஜஸ்டர் தளர்ந்து போனால் உடனே ஸ்பேனர் எடுத்து இறுக்கிவிடுகிறோம். பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால், தானே இறுகிக்கொள்ள வேண்டிய கருவி ஏன் தளர்ந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சில நாளில் அது மீண்டும் தளரும்.

2003 ஏப்ரல் 11ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளென் ராக் என்ற ஊரில், இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு டிப்பர் லோரி நான்கு கார்களுடன் மோதி உயிர்ச்சேதம் விளைவித்தது. அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006இல் வெளியிட்ட அறிக்கை, தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் இறுக்கும் பழக்கத்தின் ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. மூலக் கோளாறு மறைந்துவிடுகிறது, பிரேக் சரியாகிவிட்டது என்ற பொய்யான நம்பிக்கை மட்டும் மிஞ்சுகிறது என்பதே அதன் சாரம்.

மூலக் கோளாறு எங்கே இருக்கும்? தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். கிளெவிஸ் பின் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பிடிப்பான் உடைந்திருக்கலாம். டிரம் அளவு மீறித் தேய்ந்திருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் தளர்ந்தால் அட்ஜஸ்டரையே மாற்ற வேண்டும். புதிதாகப் பூட்டும்போதும், லைனிங் மாற்றும்போதும் மட்டும் ஒருமுறை கையால் அளவு வைப்பது முறை.

அளந்து பார்ப்பது எப்படி?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். காற்றழுத்தம் 90 முதல் 100 பிஎஸ்ஐ வரை இருக்கும்போது எஞ்சினை அணைத்து, நிறுத்து பிரேக்கை விடுவிக்க வேண்டும். கம்பி சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். ஒருவர் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அந்தக் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். சாதாரண 30 ரக சேம்பரில் அது 2 அங்குலத்தை, அதாவது 51 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 24 ரகத்தில் வரம்பு ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44 மில்லிமீட்டர். நீண்ட பயண ரக சேம்பர்களுக்கு வரம்பு வேறு என்பதால் சேம்பரின் மேல் உள்ள குறியையும் பார்ப்பது நல்லது. இருவர், ஒரு அளவுகோல், பதினைந்து இருபது நிமிடம் போதும்.

கிரீஸ் விஷயத்திலும் கவனம் தேவை. பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை ஏற்ற வேண்டும். துறைமுகத்தின் உப்புக் காற்றிலும், அழுத்த நீரால் கழுவும்போதும் கிரீஸ் சீக்கிரம் போய்விடும். மாலிப்டினம் கலந்த கிரீஸ் சில தானியங்கி ரகங்களின் உள் கிளட்ச்சை வழுக்கச் செய்யும் என்பதால் தயாரிப்பாளர் சொன்ன ரகத்தையே போட வேண்டும்.

யார் பொறுப்பு?

வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற மையங்களில் பரிசோதனை உண்டு. அது அன்றைய நிலையை மட்டுமே காட்டும். முந்தைய நாள் ஸ்பேனரால் இறுக்கிய பிரேக்கும் அன்று தேறிவிடலாம். மீதி நாட்கள் முதலாளி, மெக்கானிக், ஓட்டுநர் ஆகியோர் கையில்தான் இருக்கின்றன.

கொள்கலன் தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் ஒரு டிரெய்லர், மாலையில் வேறொரு டிரெய்லர் என இழுக்கிறோம். முன்வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாரத்தின் பெரும்பகுதியை நிறுத்துவது டிரெய்லரின் பிரேக்தான். எல்லாரும் இழுக்கும் டிரெய்லரை யாரும் சொந்தமாக நினைப்பதில்லை.

விபத்து நேர்ந்தால் முதலில் கூண்டில் நிற்பவர் ஓட்டுநர். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவின் கீழ், மரணம் விளைவிக்கும் வகையில் வண்டி ஓட்டிய குற்றம் நிரூபிக்கப்பட்டால் முதல் குற்றத்திற்கே 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படும். ஆகவே பிரேக்கில் குறை தெரிந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடாமல் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்துடன் அனுப்பினாலும் தேதியும் நேரமும் பதிவாகும்.

அடுத்த முறை வடக்கே நீண்ட பயணம் புறப்படுமுன் கிளிண்டானையோ நண்பரையோ பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, சுண்ணக்கட்டியுடன் ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கும், இறக்கத்தில் உங்களுக்கு முன்னால் காரில் போகும் குடும்பத்துக்கும் அந்த இருபது நிமிடம் பெரிது.