ஒரே சோதனை, ஒரே முடிவு: அன்றும் இன்றும்

1985-ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எய்ட்ஸ் நம் நாட்டுக்குள் வந்துவிட்டதா என்று தேடத் தொடங்கினார்கள். வந்திருக்காது, அது மேல்நாட்டு நோய் என்பதுதான் அப்போது பலருடைய எண்ணம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் பிடித்து அடைத்து வைத்திருந்த மயிலாப்பூர் இல்லத்துக்குப் போய் நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. எடுத்த மாதிரிகளைத் தம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். தொற்று உண்டா என்று காட்டும் எலிசா சோதனைக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; தொற்று இருப்பதன் அடையாளம் அது. அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் அதே முடிவு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது.

நாடு விழித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெண்களுக்கு அந்த முடிவால் ஒரு நன்மையும் இல்லை. எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்காவிலேயே 1987-இல்தான் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், 'பாசிட்டிவ்' என்று சொன்ன மருத்துவருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாது.

எச்.ஐ.வி. என்பது கிருமி, எய்ட்ஸ் என்பது அது முற்றிய நிலை. நோயை எதிர்த்து நிற்கும் சி.டி.4 என்ற வெள்ளணுக்களுக்குள் புகுந்து அந்தக் கிருமி பெருகுகிறது. அணுக்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைகின்றன. பிறகு காசநோய், நிமோனியா, வாயிலும் தொண்டையிலும் பூஞ்சை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. 1928-இல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1993-இல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. பிற இடங்களில் கைவிடப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். கூடவே வந்த நோய்களுக்கு வைத்தியம் கிடைத்தது. மூலக் கிருமியை அடக்க வழி இல்லை.

கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான பெண்களின் நிலை இன்னும் கொடுமை. பழி அவர்கள் தலையில் விழுந்தது. கணவர் இறந்ததும் புகுந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி தம் நிலையை ஊரறியச் சொல்லி, தம்மைப் போன்றவர்களுக்காக 1998-இல் பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

1996-இல் ஒரு திருப்பம் வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கிவிடும் என்று தெரிந்தது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு அதை இலவசமாக்கியது. முதலில் கொடுத்த மையங்களில் தாம்பரமும் ஒன்று. சுவருக்குச் சுவர் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் கேட்டதும் அந்த ஆண்டுகளில்தான். ஆணுறை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தமிழகம் அப்போது பழகியது.

இன்று அதே 'பாசிட்டிவ்' முடிவு வந்தால் என்ன நடக்கிறது? முன்பு சி.டி.4 எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2017 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை. தொற்று உறுதியானவர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் அடக்கம். கிருமியை உடலிலிருந்து அறவே துடைக்க அதனால் இயலாது. ஆகவே வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும்.

அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. 2011-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 தம்பதியரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியபோது துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. சுனிதி சாலமன் சென்னையில் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையமும் அந்த ஆய்வில் பங்கெடுத்தது. பின்னர் வந்த ஆய்வுகள், கிருமி தென்படாத நிலையில் பரவலே இல்லை என்று உறுதிப்படுத்தின. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் மருந்தால் வெகுவாகக் குறைக்கலாம். சிகிச்சை இல்லையென்றால் 15 முதல் 45 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றும். கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கினால் 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

பரவும் வழிகள் அன்றும் இன்றும் அவையேதான்: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கழிப்பறைக்குப் போனால் பரவாது. கொசுவின் உடலில் இந்தக் கிருமி பெருகுவதில்லை. அதனால் கொசுக்கடியாலும் வராது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலை, பள்ளி, சிகிச்சை, வாடகை வீடு எதையும் மறுக்க முடியாது. சம்மதம் கேட்காமல் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் சட்டம் தடுக்கிறது.

மாறாதது நம் மனத்தின் அச்சம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று மாத்திரை வாங்க அடுத்த மாவட்டத்துக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோதனையைத் தள்ளிப்போட்டு, சி.டி.4 அடிமட்டத்துக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று மருந்து இல்லாமல் மனிதர்கள் செத்தார்கள். இன்று மருந்து இருந்தும் வெட்கத்தால் சாவது நாம் அனுமதிக்கக் கூடாத கொடுமை.

ஐயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். சோதனை இலவசம்; விவரம் வெளியே போகாது. தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம். எனவே மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் என்றால், தொற்றைத் தடுக்க 28 நாள் மருந்து இருக்கிறது. ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கேட்க வேண்டியது எதுவானாலும் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.