தொகுப்பெண்களிலிருந்து பெட்டி வரைபடம் அமைத்தல்

எட்டுத்தொகையுள் அகநூல்கள் சில அடியளவு பற்றித் தொகுக்கப்பெற்றமை அறிஞர் அறிந்ததே. குறுந்தொகை 4 முதல் 8 அடியும், நற்றிணை 9 முதல் 12 அடியும், அகநானூறு 13 முதல் 31 அடியும் எல்லையாக உடையன என்பது மரபு. எல்லைக்குள் பாடல்கள் எவ்வாறு பரவியுள்ளன என ஒப்பிட்டுக் காட்டுதற்குப் பெட்டி வரைபடம் ஏற்ற கருவியாகும். பாடல்தோறும் அடியெண்ணிய பட்டியல் இருப்பின் கணினியே அதனை வரைந்து தரும். பட்டியலின்றி, முன்னை ஆய்வேடு தரும் தொகுப்பெண்கள் மட்டுமே கிடைப்பின் செய்யத்தக்கது யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ஜான் டூக்கி 1977-இல் வெளியிட்ட நூலால் பரவிய இவ்வரைபடத்திற்கு ஐந்து எண்கள் வேண்டும். அவை சிற்றெல்லை, முதற் கால்மானம், இடைநிலை அளவு, மூன்றாம் கால்மானம், பேரெல்லை என்பன. கால்மானங்கள் இரண்டும் பெட்டியின் விளிம்புகள். இடைநிலை அளவு அதன் நடுக்கோடு. எல்லைகளை நோக்கி நீள்வன மீசைக்கோடுகள். எனவே, எல்லைகள் மட்டும் தெரியின் பெட்டி அமையாது. சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் தெரியினும் அமையாது. அவற்றினின்று கால்மானங்களைப் பெற முயல்வது பரவல் சமச்சீரானது என முன்னரே கொள்வதாய் முடியும்.

ஐந்தெண்ணும் கிடைத்துழியும் ஒரு வழு நிகழக்கூடும். 'ஆர்' மென்பொருளில் 'பாக்ஸ்பிளாட்' என்னும் கட்டளை மூலத்தரவிற்கு உரியது. அதனிடம் ஐந்தெண்களைத் தரின், அவற்றை ஐந்து பாடல்களின் அடித்தொகை எனவே அது கொள்ளும். விளக்கத்தின்பொருட்டு 13, 15, 16, 18, 31 எனக் கற்பனையாகக் கொள்வோம். பெட்டி 15 முதல் 18 வரை பிழையின்றி அமையும். ஆயின், பெட்டியின் நீளமாகிய 3-இன் ஒன்றரை மடங்கை 18-உடன் கூட்ட வருவது 22.5. அதனைக் கடந்த 31 புறப்புள்ளியாகத் தனித்து நிற்க, மேல் மீசை மறைந்துவிடும். 18-க்கும் 31-க்கும் இடையே பாடலே இல்லை என்னும் பொய்த்தோற்றம் இதனால் விளையும். ஐந்தெண்களை உள்ளவாறே வரைதற்குரியது 'பிஎக்ஸ்பி' என்னும் கட்டளை. எண்களை வரிசையாக அமைத்து, பாடற்றொகையும் நூற்பெயரும் உடன் தந்தால் அது கணக்கிடாது வரையும்.

புறப்புள்ளிகளைத் தொகுப்பெண்களால் முழுதும் அறிதல் இயலாது. மீசைகள் எல்லைவரை நீட்டப்பெற்றன என்று படத்தின்கீழ்க் குறித்தல் வேண்டும். குறுந்தொகையில் 307, 391 ஆம் பாடல்கள் 9 அடியின. இவை மரபெல்லை கடந்தனவேனும், புறப்புள்ளிகளா என்பது பெட்டியின் நீளத்தைப் பொறுத்தது. தொகுத்தோர் வகுத்த எல்லை வேறு. கணக்கு வகுக்கும் எல்லை வேறு.

ஆகலின், கிடைத்த எண்கள் கூறாததனைப் படம் கூறுமாறு செய்யாமை ஆய்வாளர் கடனாகும். அடியெண்ணிய பட்டியலையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தருவோமாயின், பின்வருவோர்க்கு இவ்விடர் நேராது.