பார்த்த விமானமும் கேட்ட செய்தியும்

வானத்தில் இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் தலை நிமிர்ந்து பாராத இளைஞன் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் ஆரணி என்றோர் ஊர் இருக்கிறது. பட்டுக்குப் பெயர் பெற்ற ஆரணி வேறு. ஆரணியாற்றங்கரையில் அமைந்த இவ்வாரணி வேறு. இவ்வூர் மாணவர் மூவர் மாலைப் பொழுதில் ஆற்றங்கரையில் நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் நிற விமானம் ஒன்று தலைக்கு மேலே செல்கிறது. "போர் விமானம்" என்கிறான் ஒருவன். "இல்லை, பயணிகள் விமானம்தான்" என்கிறான் மற்றவன். "எதுவானால் என்ன? இதற்குக் கொட்டிக் கொடுத்த பணத்தில் வேறு விமானம் இரு மடங்கு வாங்கியிருக்கலாம்" என்று முடிவே கூறிவிடுகிறான் மூன்றாமவன். விமானம் கண்ணுக்கு மறைந்து அரை மணி ஆன பின்னும் வாதம் மறைவதில்லை.

இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. நாட்டின் பாதுகாப்பைப் பற்றி இளைஞர் சிந்திப்பதும், அரசு செலவிடும் பணத்தைப் பற்றி வினவுவதும் குடியாட்சியின் நற்கூறுகள். ஆனால் கண்டதைச் சரியாகக் காணவும், கேட்டதைச் சரியாகக் கேட்கவும் ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சி இல்லாத ஆர்வம் வதந்திக்குத் துணை போகும். அஃது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

ஆரணியின் வானம் பல வகை ஊர்திகளைக் கண்ட வானம். இரண்டாம் உலகப் போரின்போது, இவ்வூருக்குத் தெற்கே உள்ள செங்குன்றம் ஏரி, நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் கேட்டலினா என்ற கடற்பறவை விமானங்களுக்குத் தளமாக இருந்தது. அருகிலுள்ள சோழவரத்திலும் அப்போரின்போது விமானத் தளம் அமைந்தது. பிற்காலத்தில் அதன் ஓடுபாதையில் மோட்டார் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. இன்றோ வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டுகளின் ஒளி இங்கிருந்தே தெரியும். தென்மேற்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அரக்கோணம் கடற்படை விமானத் தளமாகிய ராஜாளி இருக்கிறது. அது 1992 மார்ச்சு மாதத்தில் தொடங்கப்பெற்றது.

நம் மாணவர் மூவரும் கண்டது அந்தத் தளத்து விமானம் என்றே கொள்வோம். கடலை வேவு பார்க்கவும், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி அழிக்கவும் பயன்படும் பி-8ஐ என்னும் விமானம் அங்கே இருக்கிறது. முதல் விமானம் 2013 மே மாதத்தில் அரக்கோணம் வந்து சேர்ந்தது. போயிங் 737 என்ற பயணிகள் விமானத்தின் உடலைக் கொண்டே இஃது அமைக்கப்பட்டது. ஆகவே "பயணிகள் விமானம்" என்றவன் முற்றும் தவறினான் அல்லன். "போர் விமானம்" என்றவனும் பொய் கூறினான் அல்லன். இருவரும் ஒவ்வொரு பாதியைக் கண்டனர். உற்று நோக்கியிருந்தால் வேற்றுமை புலப்பட்டிருக்கும். அவ்வினத்துப் பயணிகள் விமானத்தின் பக்கங்களில் சன்னல்கள் வரிசையாக அமைந்திருக்கும். இதிலோ மிகச் சிலவே உண்டு. அதன் இறக்கை நுனி பெரும்பாலும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். இதன் நுனியோ பின்னோக்கிச் சாய்ந்து கூர்ந்திருக்கும். இதன் வாலில் நீண்ட கோல் ஒன்று துருத்தி நிற்கும். கடலுக்குள் இருக்கும் இரும்புக் கப்பலால் காந்தப் புலத்தில் உண்டாகும் சிறு மாறுதலை உணரும் கருவி அதில் உள்ளது.

இதற்கு முன் அரக்கோணத்தில் இருந்த டியூ-142 என்னும் ரஷ்ய விமானத்தை அறிந்துகொள்வது இன்னும் எளிது. அதற்கு நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். 2017 மார்ச்சில் அவ்விமானங்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. ஆதலின் அதற்குப் பின் ஒருவர் "டியூ-142 நேற்று எங்கள் ஊர் மேல் பறந்தது" என்று சாதித்தால், அவர் கண்டது வேறொன்று என்று தெளியலாம். ஆண்டறிவும் கண்ணறிவுக்குத் துணையாகும்.

கண்ணும் செவியும் நம்மை ஏமாற்றும் வழிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஒலி நம்மை அடைய அரை நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் பல கிலோமீட்டர் முன்னே சென்றுவிடும். ஒலி வந்த திசையில் தேடினால் வெற்று வானமே தெரியும். "கண்ணுக்குப் புலப்படாத விமானம்" என்ற கதை அங்கே பிறக்கும். இரவில் நம்மை நோக்கி நேரே வரும் விமானத்தின் விளக்கு, நகராமல் நிற்கும் விண்மீன் போலத் தோன்றும். உயரத்தில் வால் போல் நீளும் வெண்கோடு பெரும்பாலும் புகையன்று. எஞ்சினிலிருந்து வெளிப்படும் நீராவி கடுங்குளிரில் உறைந்த பனித்துகள். விமானத்தின் அளவு தெரியாமல் தொலைவை மதிப்பிட முடியாது. தொலைவு தெரியாமல் அளவையும் மதிப்பிட முடியாது. சிறிய விமானம் தாழப் பறந்தாலும், பெரிய விமானம் உயரப் பறந்தாலும் கண்ணுக்கு ஒன்றே.

இவையெல்லாம் பொழுதுபோக்கு அல்லவா, தவறினால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். வரலாறு விடை கூறுகிறது. 1942 ஏப்ரல் 4 ஆம் நாள், இலங்கையின் கொக்கலை நீர்நிலையிலிருந்து எழுந்த கேட்டலினா விமானம் ஒன்று தென்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. கனடா நாட்டவரான லியோனார்டு பிர்ச்சால் என்பவர் அதன் தலைவர். எதிரி விமானங்கள் சூழ்ந்துகொண்டு தாக்கின. அந்நிலையிலும் அக்குழுவினர் கப்பல்கள் இருந்த இடம், செல்லும் திசை, விரைவு ஆகியவற்றைக் கம்பியில்லாத் தந்தி வழியே தெரிவித்தனர். விமானம் வீழ்த்தப்பட்டது, உயிர் தப்பியவர் சிறைப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் தாக்குதல் வருகிறது என்னும் எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தது. சில சொற்களே சென்றன. ஆயினும் அவை கண்ணால் கண்ட உண்மைச் சொற்கள்.

அதே ஏப்ரலில் சென்னையில் நிகழ்ந்தது என்ன? ஜப்பானியர் கரையிறங்கப் போகின்றனர் என்ற அச்சம் பரவியது. மக்கள் திரள் திரளாக ஊரை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. படையெடுப்போ வரவே இல்லை. பின்னர் 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு வீசிச் சென்றதே சென்னை கண்ட தாக்குதல். ஒரு பக்கம் இடமும் திசையும் விரைவும் கொண்ட செய்தி. மறு பக்கம் இவை ஏதுமற்ற அச்சம். முன்னது ஒரு நகரைக் காக்க உதவியது. பின்னது ஒரு நகரை வெறுமையாக்கியது.

அடையாளம் தவறுவதால் உயிரும் போகும். 2019 பிப்ரவரி 27 அன்று, காஷ்மீரத்துப் புட்காமில் நம் விமானப் படையின் ஹெலிகாப்டர் ஒன்று வீழ்ந்தது. அதில் இருந்த ஆறு வீரரும், தரையில் இருந்த ஒருவரும் மாண்டனர். நம் ஏவுகணையே அதைத் தாக்கிற்று என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பெருந்தவறு நேர்ந்ததென்று அவ்வாண்டு அக்டோபரில் விமானப் படைத் தலைவரே ஒப்புக்கொண்டார். ராடாரும், நண்பனா பகைவனா என்று வினவி விடை பெறும் கருவியும் உள்ள இக்காலத்தில், பயிற்சி பெற்றோர்க்கே இப்பிழை நேருமானால், ஆற்றங்கரையில் நிற்கும் நாம் "உறுதியாகச் சொல்கிறேன்" என்று கூறுமுன் ஒரு கணம் தயங்குவது தகும்.

இனி மூன்றாம் மாணவனின் கூற்றுக்கு வருவோம். அவன் பேசியது விலையைப் பற்றி. விமானம் வாங்குவது சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது போன்றதன்று. முதலில் படை தன் தேவையைக் கூறும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான குழு "தேவை உண்மையே" என்று ஏற்கும். பிறகு விலைப்புள்ளி கோருவர், சோதனை நடத்துவர், பேரம் பேசுவர். பெருந்தொகையாயின் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழு இசைவு தரும். அதன் பின்னரே ஒப்பந்தம். தேவை ஏற்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன் "வாங்கியாயிற்று" என்று கூறுவது, பெண் பார்த்த அன்றே பேரனுக்குப் பெயர் தேடுவது போலாகும்.

2007 இல் 126 போர் விமானங்களுக்கு விலைப்புள்ளி கோரப்பட்டது. ஆறு வகை விமானங்கள் போட்டியிட்டன. 2012 இல் பிரெஞ்சு நாட்டின் ரஃபேல் முன்னிலை பெற்றது. எனினும் அவ்வொப்பந்தம் நிறைவேறவில்லை. 2016 செப்டம்பரில் 36 ரஃபேல்களுக்குத் தனியே ஒப்பந்தம் ஏற்பட்டது. முதல் ஐந்து 2020 ஜூலையில் அம்பாலாவில் இறங்கின. கோரியது 126, பெற்றது 36. இடையே கழிந்தது பதின்மூன்று ஆண்டு. ஒப்பந்தம் ஆன பின்னும் காலம் நீளலாம். 83 தேஜஸ் விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தமாயிற்று. 2024 இல் தொடங்க வேண்டிய வழங்கல் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. அயல்நாட்டு எஞ்சின் வரத் தாமதமானதும் அதற்கொரு காரணம். ஆகவே கேட்டது, ஒப்பந்தம் செய்தது, கையில் வந்தது என மூன்று எண்ணிக்கைகள் உண்டு. வாதிடுவோர் இவற்றுள் எதைச் சொல்கிறோம் என்று தெளிதல் வேண்டும்.

விலையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 36 ரஃபேலுக்கு ஏறத்தாழ 787 கோடி யூரோ என்றவுடன், 36 ஆல் வகுத்து "ஒன்றின் விலை இது" என்பர் சிலர். அத்தொகையில் விமானத்தோடு ஆயுதங்கள், உதிரிப் பாகங்கள், பராமரிப்பு உதவி, இந்தியாவுக்கென்றே செய்த மாறுதல்கள் ஆகியன அடங்கும். இவற்றுள் எதுவும் சேராத மற்றொரு நாட்டின் விலையோடு இதை ஒப்பிட்டால், வெறும் வண்டியின் விலையையும் மாடு பூட்டிய வண்டியின் விலையையும் ஒப்பிட்டதாகும். இதனால் விலையைப் பற்றிக் கேள்வியே கேட்கலாகாது என்பதில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டனர், உச்ச நீதிமன்றம் வரை சென்று கேட்டனர், தலைமைக் கணக்குத் தணிக்கையரும் ஆராய்ந்து 2019 இல் அறிக்கை தந்தார். கேட்போர் எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்று அறிந்து கேட்டல் வேண்டும் என்பதே கருத்து.

2025-26 ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்திற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 6.81 இலட்சம் கோடி ரூபாய். "அத்தனையும் ஆயுதத்திற்கா?" என்று மலைப்பவர் உண்டு. அன்று. புதுத் தளவாடம் முதலிய மூலதனச் செலவுக்கு உரியது ஏறத்தாழ 1.80 இலட்சம் கோடி. ஓய்வூதியத்திற்கு மட்டும் 1.60 இலட்சம் கோடிக்கு மேல். எஞ்சியதில் பெரும்பகுதி ஊதியம், எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு. இவ்வெண்கள் ஒளிவுமறைவின்றி அச்சாகி வெளிவருகின்றன. படிப்பவர்தாம் குறைவு.

இறுதியாக ஒரு கடமையையும் கூற வேண்டும். கண்டதையெல்லாம் உடனே கைப்பேசியில் பரப்புவது அறிவுடைமை ஆகாது. 2008 இல் மும்பைத் தாக்குதலின்போது, மீட்புப் பணி நேரடியாக ஒளிபரப்பானது கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2025 ஏப்ரலில், படை நடமாட்டங்களை நேரடியாகக் காட்ட வேண்டா என்று மத்திய அரசு செய்தி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. விழாவன்று மெரினாவில் பறக்கும் விமானத்தைப் படம் பிடிப்பதில் தீங்கில்லை. நெருக்கடி நாளில் இன்ன தளத்திலிருந்து இத்தனை விமானம் இன்ன நேரத்தில் புறப்பட்டது என்று ஊரறியச் சொல்வதோ, பகைவன் செலவிட்டுப் பெற வேண்டிய வேவுச் செய்தியை இலவசமாகக் கொடுப்பதாகும். அரசின் செலவைக் கேட்பது உரிமை. படையின் வழியைக் காப்பது கடமை. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல.

மாணவர்களே! அடுத்த முறை வானத்தில் இரைச்சல் கேட்டால் தாராளமாக நிமிர்ந்து பாருங்கள். பார்த்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: நாள், நேரம், திசை, எஞ்சின்களின் எண்ணிக்கை, இறக்கையின் வடிவம். கண்டதை ஒரு பக்கத்திலும், ஊகித்ததை மறு பக்கத்திலும் பிரித்து எழுதுங்கள். செய்தித்தாளில் விலை கண்டால், அதில் எவையெவை அடங்கின என்று தேடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாணாதீர்கள். நடுக்கடலில் சாவைக் கண்முன் கண்ட அக்குழுவினர் தாம் கண்டதை மட்டுமே சொன்னார்கள். ஆற்றங்கரையில் அமைதியாக நிற்கும் நமக்கு அஃது இயலாததா?