எஞ்சின் மாறிய காரில் கணிப்பொறி ஏன் குழம்புகிறது?

ஒரு காரின் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறொரு காரின் ஆற்றல் மிக்க எஞ்சினை அதில் பொருத்துவது அமெரிக்காவில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. 1960-களில் வெளிவந்த கார்களில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997-ஆம் ஆண்டு கார்வெட் காருடன் அறிமுகப்படுத்திய எல்.எஸ்.1 என்ற 5.7 லிட்டர் எஞ்சினைப் பொருத்துவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எட்டு சிலிண்டர்கள் கொண்ட இந்த எஞ்சினைப் போல்ட்டுகளால் இறுக்குவதோடு வேலை முடிவதில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றிக்கொள்ளாது. அல்லது இரண்டு நொடி ஓடி நின்றுவிடும். அல்லது நன்றாக ஓடிக்கொண்டே கொதித்துப் போகும்.

இத்தகைய நேரங்களில் “கணிப்பொறி கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டிப் புதிய கணிப்பொறி வாங்குவோர் பலர். ஆனால் பெரும்பாலும் குற்றம் கணிப்பொறியில் இருப்பதில்லை. அதற்குச் செய்தி கொண்டுவரும் கம்பிகளில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவியலோ, பள்ளியில் நாம் படித்த ஓம் விதியைத் தவிர வேறில்லை.

கணிப்பொறி அறிந்தது ஒன்றே

பழைய கார்களில் கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது. இக்னிஷன் காயிலும் பிளாட்டினம் பாயிண்டும் பொறியை உண்டாக்கின. எஞ்சினை மாற்றினால் நாலைந்து கம்பிகளை இணைத்தால் போதும். 1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை ஃபோல்க்ஸ்வாகன் கார்களில் கொண்டுவந்தது. 1979-இல் பெட்ரோலையும் பொறியையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் அமைப்பைப் பி.எம்.டபிள்யூ. காரில் அளித்தது. இன்று எஞ்சினின் ஒவ்வொரு செயலும் கணிப்பொறியின் ஆணைப்படியே நடக்கிறது.

இந்தக் கணிப்பொறிக்கு வெப்பமும் தெரியாது, காற்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மின்னழுத்தம் ஒன்றே. எஞ்சினில் உள்ள உணர்விகள் வெப்பநிலை, காற்றின் அளவு, தண்டின் சுழற்சி ஆகியவற்றை மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகின்றன. மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஒரு புள்ளி உணர்வியின் கம்பி. மற்றொரு புள்ளி ‘எர்த்’ என்று நாம் சொல்லும் பொதுப்புள்ளி. அந்தப் பொதுப்புள்ளியே நிலையாக இல்லாவிட்டால்? ஆடும் முக்காலியின் மேல் நின்று சுவரின் உயரத்தை அளப்பவனின் நிலைதான் கணிப்பொறிக்கும்.

ரப்பர் செய்யும் வேலை

காரில் பாட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்பு உடலுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் அந்த உடலே திரும்பும் பாதை. எஞ்சினோ அதிர்வைத் தடுப்பதற்காக ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் உடலையும் இணைக்கப் பின்னல் செம்புப் பட்டை ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். எஞ்சினை மாற்றும்போது மறந்துபோகும் பொருள்களில் முதலிடம் இந்தப் பட்டைக்குத்தான். மறக்காமல் பொருத்தினாலும், பெயிண்டின் மேலேயே இறுக்கிவிடுவது உண்டு. பெயிண்டும் மின்கடத்தாப் பொருளே.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் மின்னோட்டம் இழுப்பதாகக் கொள்வோம். மோசமான இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது. ஓம் விதிப்படி அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 200 × 0.01 = 2 வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரியின் 12.6 வோல்ட் 10.5-க்கு இறங்குவது இயல்பு. அதிலும் 2 வோல்ட் போனால் 8.5 வோல்ட்தான் மிச்சம். எஞ்சின் மந்தமாகச் சுற்றும். கணிப்பொறி தடுமாறிப் பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடலாம்.

பட்டையே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 200 ஆம்பியரும் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கணிப்பொறியின் மெல்லிய எர்த் கம்பிகள் என்று கிடைத்த பாதையில் பாயும். அவை சிவக்கச் சூடாகி உறை உருகும். தீ விபத்துக்கு இது ஒன்றே போதும்.

ஓம்மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

“இணைப்பை மீட்டரால் பார்த்துவிட்டேன், தடை ஒன்றும் இல்லை” என்று பலர் சொல்வார்கள். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.1 ஓம் அளவுக்குத் தடை உண்டு. அதைக் கொண்டு 0.01 ஓமை எப்படிக் காண முடியும்? மேலும், தடையை அளக்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டமே. இருபது இழைகளில் ஒன்றே அறாமல் இருந்தாலும் அது தாராளமாகக் கடந்துவிடும். ஆள் நடந்து போகும் பாலம் லாரியைத் தாங்கும் என்று சொல்ல முடியுமா?

சரியான வழி, மின்னோட்டம் பாயும்போதே மின்னழுத்த இழப்பை அளப்பதாகும். மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைத் தூணிலும் மற்றதை எஞ்சினின் துப்புரவான உலோகப் பகுதியிலும் வைக்க வேண்டும். பிறகு வேறொருவர் சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்ற வேண்டும். கியர் நியூட்ரலில் இருப்பதும், கையும் உடையும் விசிறியிலிருந்து விலகி இருப்பதும் முக்கியம். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் பாதை நன்று. 1 அல்லது 2 வோல்ட் காட்டினால் திருடன் அகப்பட்டான். பெயிண்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேருமாறு இறுக்கினால் தீர்ந்தது.

100 டிகிரி 81 ஆன கதை

எர்த் குறை, ஓடும் எஞ்சினையும் விடுவதில்லை. குளிர்நீரின் வெப்பநிலையை அளப்பது தெர்மிஸ்டர் என்ற சிறு தடையாகும். சூடு ஏற ஏற இதன் தடை குறையும். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களில் இதன் தடை 20°செ.-இல் சுமார் 3,520 ஓம்; 80°செ.-இல் 332 ஓம், 100°செ.-இல் 177 ஓம். கணிப்பொறி தன்னுள்ளே இருக்கும் ஒரு தடையின் வழியே 5 வோல்ட்டை இதற்கு அனுப்பி, இதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைப் படிக்கிறது.

கணக்குக்காக உள்தடையை 2,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நீர் 100°செ. இருக்கும்போது கணிப்பொறி படிப்பது 5 × 177 ÷ 2,177, அதாவது 0.41 வோல்ட்.

உணர்வியின் திரும்பு கம்பி கணிப்பொறிக்கே தனியாகச் செல்ல வேண்டும். ஆனால் கம்பி வேலையைச் சுருக்க எண்ணி, அதை வண்டியின் உடலில் இணைத்துவிட்டதாகக் கொள்வோம். கணிப்பொறியின் எர்த் எஞ்சினில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அதே 0.01 ஓம் இணைப்பு. முகப்பு விளக்கு, பெட்ரோல் பம்பு முதலியவை இழுக்கும் 30 ஆம்பியர் அதன் வழியே எஞ்சினில் உள்ள ஆல்டர்னேட்டருக்குத் திரும்புகிறது. உடல், எஞ்சினைவிட 0.3 வோல்ட் உயர்ந்துவிடுகிறது. இப்போது கணிப்பொறி படிப்பது 0.68 வோல்ட். அதன் அட்டவணைப்படி இது 316 ஓம். அதாவது ஏறக்குறைய 81°செ.!

விசிறியை 95°செ.-இல் சுழற்ற வேண்டும் என்பது கணிப்பொறிக்கு இட்ட கட்டளையானால், இந்தப் பிழையோடு நீர் உண்மையில் 130°செ.-ஐத் தாண்டினால்தான் விசிறி சுழலும். அதற்குள் எஞ்சின் பாழாகிவிடும். கணிப்பொறியை மாற்றினாலும் இதே கதைதான். விசிறியை மாற்றினாலும் பயனில்லை. குற்றம் 0.01 ஓமில் இருக்கிறது.

வேறு சில காரணங்கள்

எர்த் நன்றாக இருந்தும் எஞ்சின் ஓடாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கணிப்பொறிக்கு மின்சாரம் தரும் கம்பி. பழைய கார்களில் சில கம்பிகள், சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது மட்டும் மின்சாரத்தை இழக்கும். ரேடியோ போன்றவற்றுக்காக அப்படி அமைத்திருப்பார்கள். அதில் கணிப்பொறியை இணைத்தால், எஞ்சின் சுற்றும்வரை பொறி வராது.

இரண்டாவது, கிராங்க் தண்டின் பற்சக்கரம். எல்.எஸ்.1 எஞ்சினில் இது ஒரு சுற்றுக்கு 24 துடிப்புகளைத் தரும். பின்னாளில் வந்த அதே குடும்பத்து எஞ்சின்களில் 58 துடிப்புகள். 24-ஐ எதிர்பார்க்கும் கணிப்பொறிக்கு 58-ஐக் கொடுத்தால், எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பதே அதற்குப் புரியாது. பொறி எப்படி வரும்?

மூன்றாவது, திருட்டைத் தடுக்கும் அமைப்பு. பழைய வண்டியில் இருந்த காவல் பெட்டியின் அனுமதிக் குறிப்பு வராததால், கணிப்பொறி எஞ்சினை ஓரிரு நொடி ஓடவிட்டுப் பெட்ரோலை நிறுத்திவிடும். இது பழுதன்று, கணிப்பொறி தன் கடமையைச் செய்கிறது. தகுந்த கருவி கொண்டு அதன் நிரலை மாற்றி அமைக்க வேண்டும்.

குறியீடு சொல்வது என்ன?

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் 16 முனைகள் கொண்ட பரிசோதனைச் செருகி கட்டாயமாக்கப்பட்டது. அதில் கருவியை மாட்டினால் கணிப்பொறி குறியீட்டு எண்ணால் குறையைச் சொல்லும். பி 0118 என்றால் குளிர்நீர் உணர்வியின் மின்னழுத்தம் மிக அதிகம் என்று பொருள். உணர்வியை மாற்றச் சொல்லும் உத்தரவு அல்ல அது. கம்பி அறுந்திருந்தாலும், செருகி கழன்றிருந்தாலும் இதே எண்தான் வரும். இந்தச் செருகியில் உடலின் எர்த்துக்கு 4-ஆம் முனையும், குறிப்பலைகளின் எர்த்துக்கு 5-ஆம் முனையுமாகத் தனித்தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை அதை வடிவமைத்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே, சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பாட்டரி; அடுத்து எர்த்; பிறகு கணிப்பொறிக்கு வரும் மின்சாரம்; அதன் பின் உணர்விகள்; எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கணிப்பொறி. விலை உயர்ந்த பொருளை முதலில் சந்தேகிப்பது மனித இயல்பு. ஆனால் மின்னோட்டத்துக்கு விலை தெரியாது. தடை மட்டுமே தெரியும். ஒரு மல்டிமீட்டரும் ஓம் விதியும் கையில் இருந்தால், ஊகத்துக்கு இடமின்றி அளந்தே உண்மையைக் காணலாம்.